ஏழையின் கூரையை யார் முடிவு செய்கிறார்கள்?

ஹைதராபாத்தின் சனத்நகரில் 1946-ஆம் ஆண்டு ஓர் ஆலை தொடங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் இழையையும் சிமெண்டையும் குழைத்து, அலை அலையாக நெளிந்த ஷீட் வார்க்கும் ஆலை. நிறுவனத்தின் பெயர் ஹைதராபாத் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் புராடக்ட்ஸ். ஷீட்டுக்கு வைத்த பெயர் சார்மினார். பின்னாளில் போத்தனூரிலும் அரக்கோணத்திலும் வேறு நிறுவனங்கள் இதே சரக்கைச் செய்தன. அரை நூற்றாண்டுக்குள் தென்னிந்தியாவில் சிமெண்ட் ஷீட் ஏறாத ஊரே இல்லை என்றாகிவிட்டது. ரேஷன் கடை, கோழிப்பண்ணை, பட்டறை, பள்ளிக்கூடம், ஓலையைக் கழற்றிய குடிசை என்று எல்லாவற்றின் மீதும் அது ஏறி உட்கார்ந்தது.

மக்கள் அதை விரும்பி வாங்கியதற்குக் காரணம் இருந்தது. விலை மலிவு, பக்கத்துக் கடையில் கிடைக்கும், ஒரே நாளில் ஏற்றிவிடலாம், தீப்பிடிக்காது, கறையான் அண்டாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓலை மாற்றியே ஓய்ந்துபோன குடும்பத்துக்கு அது பெரிய விடுதலை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை வெயில். ஆறு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஷீட் சித்திரை மத்தியானத்தில் காய்ந்து, அந்தச் சூட்டை அப்படியே கீழே இறக்கும். மின்விசிறி சுற்றினால் அனல்தான் சுற்றும். கைக்குழந்தையும் நோயாளியும் வீட்டுக்குள் இருக்க முடியாமல் மரத்தடிக்கு வருவார்கள்.

ஏழைகளுக்கான வீடு என்ற பேச்சை இந்த ஷீட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனென்றால் கடந்த நூறு ஆண்டுகளில் ஏழைகளின் தலைக்கு மேல் எது வரும் என்பதை முடிவு செய்ததில், கீழே படுத்திருப்பவரின் உடம்புக்குப் பங்கு மிகக் குறைவு. அந்தந்தக் காலத்தில் சந்தையில் எது மலிந்து கிடைத்ததோ, எதை அளந்து பில் போட எளிதோ, அதுவே கூரையானது. குவிமாட வீடு என்ற கனவு ஏன் பலமுறை எழுந்து பலமுறை தோற்றது என்பதும் இங்கே நின்று பார்த்தால்தான் விளங்கும்.

ஹைதராபாத்தில் பொது வீட்டுவசதி என்ற எண்ணம் ஒரு வெள்ளத்துக்குப் பின் வேரூன்றியது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி நகருக்குள் புகுந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா வரவழைக்கப்பட்டார். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்கள் பின்னர் எழுந்தன. 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நெரிசலும் நோயும் மண்டிய சந்துகளை இடித்து, தெருக்களை அகலமாக்கி, எளியவர்களுக்கு வரிசை வீடுகள் கட்டும் வேலையை அது எடுத்துக்கொண்டது.

1940-களில் நகரின் வடமேற்கு ஓரத்தில் சனத்நகர் தொழிற்பேட்டையாக வளர்ந்தது. 1942-இல் ஆல்வின் நிறுவனம் வந்தது. பேருந்துகளுக்குக் கூண்டு கட்டியது, இரும்பு பீரோ செய்தது, பிறகு குளிர்சாதனப் பெட்டியும் செய்தது. நான்கு ஆண்டுகளில் ஷீட் ஆலை. ஆலைகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்கு வீடு வேண்டியிருந்தது. 1952-இல் மத்திய அரசு தொழிலாளர் குடியிருப்புக்கு மானியத் திட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஹைதராபாத் மாநிலம் தொழிலாளர் வீட்டுவசதிக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. சனத்நகர் முகவரிகளில் இன்றும் 'எஸ்.ஆர்.டி.' என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். ஒற்றை அறைக் குடியிருப்பு என்று பொருள். ஒரு காலத்து அரசு, தொழிலாளியின் குடும்பத்துக்கு ஓர் அறை போதும் என்று கணக்கிட்டதன் சாட்சி அது.

அந்தக் கணக்கு மெல்ல வளர்ந்தது. சனத்நகர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்த போய்குடாவின் ஐ.டி.எச். காலனியில் 2015 நவம்பரில் 396 வீடுகள் திறக்கப்பட்டன. தெலங்கானா அரசின் இரட்டைப் படுக்கையறை வீட்டுத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி. ஓர் அறையிலிருந்து இரண்டு படுக்கையறைக்கு வர அறுபது ஆண்டுகள் ஆயின. இதை முன்னேற்றம் என்று மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 1912 முதல் 2015 வரை அரசுகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை வீடு, எத்தனை அறை? உள்ளே எவ்வளவு சூடு என்ற கேள்வி கோப்பில் ஏறவே இல்லை.

இத்தனைக்கும் அதே நகரின் மேற்கே, கோல்கொண்டா கோட்டைக்கு அருகில், குதுப்ஷாஹி கல்லறைகள் நிற்கின்றன. கம்பியோ சிமெண்டோ இல்லாமல் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் கொண்டு நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய குவிமாடங்கள். நம் பக்கத்துக்கு வந்தால், பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய நெற்களஞ்சியம் இருக்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அடியில் வட்டம், மேலே கூம்பிக் குவியும் முடி. பாட்னாவில் 1786-இல் கட்டி முடித்த கோல்கர் இன்னும் பெரியது. இறந்த அரசனுக்கும் குவிமாடம் கிடைத்தது, நெல்லுக்கும் கிடைத்தது. அந்த நெல்லை விளைவித்தவனுக்குக் கிடைக்கவில்லை.

குவிமாடம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தட்டைக் கூரை தன் பாரத்தாலேயே நடுவில் தொய்யப் பார்க்கும். அடிப்பக்கம் இழுபடும், இழுப்பைத் தாங்க இரும்புக் கம்பி வேண்டும். வளைந்த கூரையில் பாரம் வளைவின் வழியே அழுத்தமாக இறங்கும். அழுத்தத்தைக் கல்லும் மண்ணும் செங்கல்லும் நன்றாகத் தாங்கும். தொங்கும் சங்கிலி எந்த வடிவில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாக்கினால் நல்ல வளைவு கிடைக்கும் என்பதை இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1675-இலேயே எழுதிவிட்டார். அதாவது கடையில் விலைகொடுத்து வாங்கும் இரும்பின் வேலையை இங்கே வடிவம் செய்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: குவிமாடம் அடியில் வெளிப்பக்கம் உதைக்கும். அதைச் சுற்றிக் கட்டும் வளையம் இல்லாவிட்டால் விரிசல் விடும்.

ஒரு கணக்கு போடலாம். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். ஐந்துக்கு ஐந்து மீட்டரில் சதுர வீடு, சுவர் மூன்று மீட்டர் உயரம் என்றால், சுவரும் கூரையுமாக 85 சதுர மீட்டர் கட்ட வேண்டும். அதே தரைப் பரப்பில் அரைக்கோளம் எழுப்பினால் 50 சதுர மீட்டர் போதும். உச்சி வெயிலில் இரண்டு கூரைகளும் வாங்கும் வெயில் ஒன்றே; ஆனால் குவிமாடத்தில் அது இரண்டு மடங்கு பரப்பில் பரவிவிடுகிறது. பொழுது சாயும்போது ஒரு பக்கம் நிழலாகிவிடும். சூடான காற்று உச்சிக்கு ஏறும். அங்கே ஒரு திறப்பு வைத்தால் வெளியே போய்விடும். இதெல்லாம் தடித்த மண்ணாலோ செங்கல்லாலோ கட்டினால்தான். மெல்லிய கான்கிரீட் ஓடாக வார்த்தால் இந்தக் குளிர்ச்சி பெரிதும் குறைந்துவிடும்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. அரைக்கோளத்தின் சுவர் உள்நோக்கிச் சாய்வதால், 25 சதுர மீட்டரில் ஏறக்குறைய 16 சதுர மீட்டரில்தான் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். சதுர மனையில் வட்ட வீடு கட்டினால் மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூலைகளில் வீணாகும். சனத்நகரிலும் சென்னை வியாசர்பாடியிலும் ஐந்தில் ஒரு பங்கு மனை என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தக் கனவைக் கையில் எடுத்தவர்களின் வரிசை நீளமானது. எகிப்தின் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940-களின் நடுவில், நூபியக் கொத்தனார்களை அழைத்துவந்து, சென்ட்ரிங் பலகையே இல்லாமல் மண் கல்லால் வளைகூரையும் குவிமாடமும் எழுப்பி, புதிய குர்னா என்ற கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் குடிவரவில்லை. பழைய ஊரில் அவர்களுக்குப் பிழைப்பு இருந்தது. அதோடு அவர்கள் பார்வையில் குவிமாடம் கல்லறைக்கு உரியது.

இந்தியாவில் ஜி.எஸ். ராமசுவாமி என்ற பொறியாளர் வேறு வழியில் போனார். சட்டத்தில் சாக்குத்துணியை விரித்து, ஈரக் கான்கிரீட்டைப் பரப்பினால், துணி தானாகத் தொய்ந்து ஒரு வளைவு எடுக்கும். இறுகிய பின் கவிழ்த்து வைத்தால் மெல்லிய, உறுதியான கூரை ஓடு கிடைக்கும். ஹூக் சங்கிலியில் கண்டதை ஒரு சித்தாளும் செய்யக்கூடிய வேலையாக மாற்றியது இந்த முறை. கான்கிரீட் ஓட்டுக் கூரைகளைப் பற்றி 1968-இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. அவர் காட்டிய ஓடு மட்டும் நம் வீட்டுத் திட்டங்களின் வழக்கமாக மாறவில்லை.

புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையை 1971-இல் தொடங்கியவர்களில் ஒருவரான ரே மீக்கர், 1980-களில் இன்னும் துணிந்தார். பச்சை மண்ணால் வளைகூரை வீடு கட்டி, உள்ளே செங்கல்லை அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாள்கணக்கில் எரித்தார். தீ அணைந்தபோது வீடும் வெந்திருந்தது, விற்கச் செங்கல்லும் கிடைத்தது. கேட்கப் பிரமாதமான யோசனை. எரிபொருள் செலவும் மெனக்கெடலும் சேர்ந்து அதை ஏழைகளுக்கு எட்டாததாக்கிவிட்டன.

அருகிலேயே ஆரோவில்லில், மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் ஆதரவோடு 1989-இல் தொடங்கிய கட்டட மையம்தான் இன்றைய ஆரோவில் மண் கட்டடக் கழகம். செம்மண்ணில் ஐந்து சதவீத அளவுக்குச் சிமெண்ட் சேர்த்து, கை அச்சில் அழுத்தி, சுடாமல் உலர்த்திய கல் அதன் அடிப்படை. சூளையில் சுடும் நாட்டுச் செங்கல்லோடு ஒப்பிட்டால் இதைச் செய்யப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் ஆகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கல்லால் வளைகூரைகளும் குவிமாடங்களும் கட்டினார்கள். விகாஸ் என்ற குடியிருப்பில் வளைகூரைக்கு மேல் நிரவித் தட்டையாக்கி மாடி மேல் மாடி எழுப்பினார்கள். வளைகூரை போட்டால் மாடி எடுக்க முடியாது என்ற வாதத்துக்கு அது நேரடியான பதில். கோவை வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 1999-இல் முடிந்த தியானலிங்கக் குவிமாடம் 22 மீட்டர் அகலத்தில் கம்பியில்லாமல் செங்கல்லால் நிற்பதும் இதே கழகத்தின் வழிகாட்டலில்தான். கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. நெல்லுக்கும் அரசனுக்கும் போன திறன் இப்போது தியானத்துக்குப் போகிறது. இன்றும் ஏழையின் வீட்டுக்குத் திரும்பவில்லை.

பேரிடர்கள் வந்தபோது மட்டும் கதவு கொஞ்சம் திறந்தது. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் கட்ச் பகுதியின் கான்கிரீட் வீடுகள் பல சரிந்தபோது, 'பூங்கா' (bhunga) எனப்படும் வட்ட மண் வீடுகள் பல நின்றன. அவற்றின் கூரை கூம்பு வடிவ வேய்ச்சல்; ஆனாலும் வட்டச் சுவர் ஆட்டத்தைத் தாங்கும் என்று அவை காட்டின. 2006 மே 27 பூகம்பத்துக்குப் பின் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா அருகே, மண் சரிந்து ஊரை இழந்த மக்களுக்காக நியூ நெலெபென் என்ற குடியிருப்பு எழுந்தது. பெரிய பலூனை ஊதி நிறுத்தி, அதன் மேல் கம்பியும் கான்கிரீட்டும் போர்த்தி, இறுகியதும் பலூனை இறக்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 70 குவிமாட வீடுகள் 2007-க்குள் தயார். வீடுகள் உறுதியானவைதான். ஆனால் குடியேறியவர்கள் பின்பக்கம் வழக்கமான சதுர சமையலறைகளை ஒட்டவைத்துக்கொண்டார்கள். இன்று அந்த ஊர் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் இடமும்கூட.

குர்னாவும் நெலெபென்னும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. ஏழையின் வீடு கட்டி முடித்த அன்றோடு முடிவதில்லை. மகனுக்குக் கல்யாணம் என்றால் ஓர் அறை கூட வேண்டும்; அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நடுவில் சுவர் எழ வேண்டும்; கொஞ்சம் பணம் சேர்ந்தால் மேலே ஒரு மாடி. பீரோவும் கட்டிலும் நேர்ச்சுவரைக் கேட்கும். வாடகைக்கு விட மாடிப்படி வேண்டும். அதற்கும் மேலே மானம் என்று ஒன்று இருக்கிறது. தளம் போட்ட வீடு என்றால் ஊரில் மதிப்பு, பெண் கொடுப்பார்கள். பணக்காரன் கான்கிரீட்டில் இருக்க, ஏழைக்கு மட்டும் மண் குவிமாடம் என்றால், அதை அவன் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாத கட்டடக்கலைஞர்கள் மக்களை அறியாதவர்கள் என்று குறை சொன்னார்கள். அறியாமை எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

அதற்காகப் பழியெல்லாம் வடிவத்தின் மீதே விழ வேண்டியதில்லை. திட்டங்களின் விதிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2010-இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம். 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு தருகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். சென்னை பெரும்பாக்கத்தில் புதிய தொழில்நுட்பத்தின் கலங்கரை விளக்கம் என்று 2022 மே மாதம் திறந்த 1,152 வீடுகளும் ஆலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பாகங்கள்தான். ஓலை வீட்டில் தீயில் எல்லாம் இழந்தவர்களுக்குக் கான்கிரீட் பெரிய பாதுகாப்பு. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் விதி ஒரு பொருளின் பெயரை எழுதிவிட்டால், மற்ற வழிகள் எல்லாம் அந்த இடத்திலேயே அடைபடுகின்றன. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவெல்லாம் சூட்டை உமிழ, ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார்கள். மரச்சட்டத்தின் மேல் குத்துக்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்த பழைய மெட்ராஸ் டெரஸில் வெயிலைத் தடுக்க அடுக்கடுக்காக ஏதாவது இருந்தது. தட்டோடு பதிப்பதைக்கூட இன்று பட்ஜெட்டில் முதலில் வெட்டுகிறோம்.

காசு எங்கே போகிறது என்பதும் முக்கியம். கான்கிரீட் தளத்தில் பெரும்பங்கு சிமெண்டுக்கும் கம்பிக்கும் போகும். அந்தப் பணம் அன்றே ஊரைவிட்டு வெளியேறும். வளைகூரையில் பெரும்பங்கு கொத்தனார் கூலி, சித்தாள் கூலி. கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வாழ்நாள் முழுவதும் செய்துகாட்டியது இதைத்தான். ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை அவர் அடிக்கடி நினைவூட்டுவார். குவிமாடத்தின் உண்மையான பயனும் இங்கேதான்: பொருளுக்குக் கொடுக்கும் காசைக் கைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் கைகளைப் பழக்க வேண்டும். திறமைக்குக் கூலி கூட்டித் தர வேண்டும். அது நடக்கவில்லை. வளைவு கட்டத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலையில், அந்த முறை எப்படி மலிவாகும்?

இதற்கிடையே ஷீட்டின் கதை திரும்பியது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் முழுத்தடை போட்டது. இந்தியா உள்நாட்டில் தோண்டுவதை நிறுத்தியது, இறக்குமதியை நிறுத்தவில்லை. சனத்நகரில் பிறந்த அந்த நிறுவனமே இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டும் செய்கிறது. இழை போனாலும் வெயில் போகவில்லை.

தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. நாட்டில் இப்படி ஒரு கொள்கை கொண்டுவந்த முதல் மாநிலம் அது. இலக்கு 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரை, அதில் ஹைதராபாத்துக்கு மட்டும் 200. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ ஓடோ விரிப்போ போட்டால் வீட்டுக்குள் சூடு சில டிகிரி குறையும். வீட்டின் சூட்டை அரசு ஒரு கோப்பில் ஏற்றியது பெரிய மாற்றம். ஆனால் 600 சதுர கஜத்துக்குக் குறைந்த தனியார் மனை வீடுகளுக்கு அது விருப்பம் சார்ந்தது. ஷீட் கூரைக்காரர் யாருக்கு 600 கஜம் மனை இருக்கிறது? கட்டாயம் வசதியானவர் வீட்டில் நின்றுவிட, விருப்பம் என்ற பெயரில் செலவு ஏழையின் தலையில் விழுகிறது.

நூறாண்டுக் கதையைக் கூட்டிப் பார்த்தால் தீர்ப்பு இதுதான். குவிமாட வீடு நெருக்கடியான நகர மனைக்குப் பொருந்தாது. அதைக் கோடிக்கணக்கானவர்களுக்கான விடையாக முன்வைப்பது ஏமாற்று. தனி மனை உள்ள கிராமத்து வீடு, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், சமுதாயக் கூடம், புயலும் பூகம்பமும் அடிக்கும் இடத்து ஒதுங்குமிடம் ஆகியவற்றுக்கு அது நன்றாகப் பொருந்தும். நகரத்துக்கு அதன் தங்கையான தாழ்ந்த வளைகூரையும் ராமசுவாமியின் ஓடும் போதும். அவற்றின் மேல் தட்டையாக்கி மாடி எடுக்கலாம், மனையும் வீணாகாது, மானமும் போகாது.

அரசுகள் செய்ய வேண்டியவை மூன்று. வீட்டுத் திட்ட விதியில் கான்கிரீட் என்ற சொல்லை எடுத்துவிட்டு, கூரை எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், ஒழுகக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது, கோடை மத்தியானத்தில் உள்ளே எத்தனை டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று எழுதுங்கள். அதை எந்தப் பொருளால் சாதித்தாலும் பணம் கொடுங்கள். கொத்தனார்களுக்கு வளைவு கட்டும் பயிற்சியைத் திட்டச் செலவிலேயே சேர்த்து, பயின்றவருக்குக் கூலியை உயர்த்துங்கள். முதல் வளைகூரைகளை அரசு அலுவலகங்களுக்கும் அதிகாரிகள் குடியிருப்புகளுக்கும் போடுங்கள்; பெரியவர்கள் வீட்டில் பார்த்ததை மக்கள் தாமாகவே கேட்பார்கள்.

இவை நடக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று உண்டு. சிறிய மனைகளில் நிற்கும் ஷீட் வீடுகளுக்குக் குளிர்கூரையை விருப்பம் என்று விடாமல், அரசே செலவை ஏற்று வரும் கோடைக்குள் போட்டுத் தர வேண்டும். அந்த வேலையைச் சனத்நகரிலிருந்தே தொடங்குவதுதான் நியாயம்.